மலர்ச்சாலைக்குப் போன கலியாண வீடியோ

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சோபாவில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு, சிநேகிதியின் பிறந்தநாள் வீடியோவைக் கைத்தொலைபேசியிலேயே வெட்டி ஒட்டி முடித்துவிட்டுச் சேமிக்கக் கொடுத்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பத்து விநாடி. இருபது விநாடி. "ஐயோ பெரியம்மா, இந்த ஃபோன் என்னையக் கொல்லுது!" என்றாள். நாற்பதாவது விநாடியில் வேலை முடிந்தது. நான் பார்ப்பதற்காக அவள் ஃபோனைக் கையில் தந்தபோது அதன் முதுகு சூடாக இருந்தது. அந்தச் சூடு பட்டதும் எனக்கு ஃபோர்மலின் மணத்தது.

சூடேறிய கம்பியூட்டர் என்றால் மற்றவர்களுக்குக் கருகிய தூசி மணம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அதோடு ஃபோர்மலினும், மலர்வளையத்தில் செருகும் வெள்ளைப் பூவின் மணமும் சேர்ந்தே வரும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் பிந்தி.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போவேன். காலி வீதியில் இருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்பது முதலாளி குலம் அண்ணை சூட்டிய பெயர். உண்மையில் அது ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. கீழே ரயில் போகும் ஒவ்வொரு முறையும் திரையில் மணமக்கள் இலேசாக ஆடுவார்கள்.

குலம் அண்ணை யாழ்ப்பாணத்தில் கணக்கு ரியூஷன் கொடுத்தவர். கொழும்புக்கு வந்த பிறகு கலியாண வீடியோவுக்கு மாறிவிட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கலியாணத்திலை பிழை விட்டா ஆரும் மாக்ஸ் குறைக்க மாட்டினம், பிள்ளை" என்றார். என் தகுதியைக் கேட்டால், ஆறு மாதக் கம்பியூட்டர் படிப்பு. அதில் இரண்டு மாதம் கறண்ட் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் எடிட்டிங் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால், என்னைவிடத் திறமைசாலி எவருமில்லை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கம்பியூட்டர் மூன்றாம் கைக்கு வந்தது. பெரிய வயிற்றோடு பழைய ரீவி போன்ற திரை. அதன் தலையில் குலம் அண்ணை தினமும் மூன்று விரலால் விபூதி பூசுவார். கண்ணாடியின் வலப்பக்கக் கீழ்மூலையில் நான் அந்தோனியார் படம் ஒட்டியிருந்தேன். அம்மா கொச்சிக்கடைக் கோவிலில் வாங்கித் தந்தது. ஆக, எந்தப் பக்கத்தாலும் குறை வராது என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம்.

அந்த வருடம் சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்தது. கலியாணங்கள் மட்டும் நிற்கவில்லை. கனடாவில் இருந்து மாப்பிள்ளை வருவார், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டுவார், லீவு முடிந்து திரும்பிவிடுவார். பெண் ஒரு லொட்ஜில் இருந்து விசாவுக்குக் காத்திருப்பார். வதனி அக்காவும் அப்படித்தான். முப்பத்தொரு வயது, மெலிந்த உருவம், எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில். கலியாணத்துக்கு வந்தவர்கள் ஐயரையும் எங்கள் கமராக்காரரையும் சேர்த்துப் பதினொரு பேர். மண்டபத்தில் இருநூறு கதிரைகள் இருந்தன.

எம்பசியில் நேர்முகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. இது உண்மையான கலியாணம்தான் என்று காட்ட அல்பமும் வீடியோவும் கொண்டுபோவது அப்போது எல்லோருடைய வழக்கம். அந்தத் திகதியைத் தவறவிட்டால் இன்னொரு திகதி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தார் என்பதால் வதனி அக்காவும் தாயாரும் லொட்ஜில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு வேண்டியிருந்தது. அதைப் புதுப்பிக்கப் போகும் நாட்களில் அக்கா சிரிப்பதில்லை.

இதற்குள் மாப்பிள்ளையின் தமக்கை ரொறன்ரோவில் இருந்து ஒரு யோசனை அனுப்பினார். கலியாணத்துக்கு வர முடியாமற்போன சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரவர் ஊரில் ஒரு நீலத் துணிக்கு முன்னால் நின்று, வெறும் காற்றில் அறுகரிசி தூவி வாழ்த்துவார்கள். அதை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். நான் நீலத்தை நீக்கிவிட்டு, அவர்களை வெள்ளவத்தை மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று வந்தவர்கள் மொத்தம் முப்பத்திரண்டு பேர். யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் அப்பாவும் அதில் ஒருவர். அவருடைய கசெற் மட்டும் யாரோ ஒருவருடைய பயணப் பையில் விமானம் ஏறி வந்தது.

பாரிஸ் சித்தி நீலப் பட்டுச்சேலை உடுத்தி நின்றிருந்தார். நான் நீலத்தை எடுத்ததும் அவரில் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிஞ்சின. அந்தக் கைகள் சிரத்தையாக அறுகரிசி போட்டன. குலம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அவவைப் பின்வரிசையிலை விடும்" என்றார். லண்டன்காரர் மூவருக்குப் பின்னால் சித்தியை ஒளித்தோம். இவ்வளவுக்கும் மேலே ரோசாப்பூ இதழ்கள் மழைபோல் கொட்ட வேண்டும் என்று ரொறன்ரோ உத்தரவு. கொட்டினேன்.

இரண்டு வாரம் இதே வேலை. சனிக்கிழமை காலை எக்ஸ்போர்ட் கொடுத்தேன். வெட்டி ஒட்டிய அத்தனையையும் கம்பியூட்டர் ஒரே படமாக அரைத்து டிவிடிக்குத் தயாராக்கும் வேலை அது. வழக்கமாக மூன்று, நான்கு மணித்தியாலம் போகும். திரையில் ஒரு நீலக் கோடு தோன்றியது. அதற்குக் கீழே, இன்னும் முப்பத்து நாலு மணித்தியாலம் என்று போட்டிருந்தது.

"சரி, ஞாயிறு பின்னேரம் முடியும்" என்றார் குலம் அண்ணை. மதியம் நான் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் நாற்பத்தொரு மணித்தியாலம்.

அவர் கணக்கு வாத்தியார் அல்லவா? பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரைபடமே போட்டுவிட்டார். நேரம் போகப்போக மீதி நேரம் கூடிக்கொண்டு போகிறது. கோடு மேல்நோக்கிப் போய்த் தாளை விட்டு வெளியேறியது. "இப்பிடிப் போனா இதை அவவின்ரை பேரப்பிள்ளையள்தான் பாக்குங்கள்" என்றார். பக்கத்தில் வதனி அக்கா இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அக்கா வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் கையிலிருந்த லேஞ்சித் துணியைத் திருகியபடியே இருந்தார்.

பிறகு தொடங்கியது வைத்தியம். முதலில் எக்ஸ்போர்ட்டை நிறுத்தி, யாரும் தொடாதபோது திரையில் நீந்தும் வண்ணமீன்களைக் கொன்றேன். அவைதான் கம்பியூட்டரின் பலத்தை உறிஞ்சுகின்றன என்று மருந்துக்கடைக்காரர் மேலே வந்து சொல்லியிருந்தார். அடுத்து குலம் அண்ணை சேர்த்து வைத்திருந்த அறுநூறு பக்திப் பாடல்களில் ஐந்நூறு போயின. எதை வைப்பது என்று அவர் தெரிவுசெய்து முடிக்கவே ஒரு மணித்தியாலம் ஆனது. பிறகு ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கொடுத்தேன். சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சதுரங்கள் இடம் மாறி மாறி உட்காரும். அதைப் பார்த்தபடி இருப்பதில் ஒரு சுகம். வதனி அக்கா கதிரையை இழுத்துப்போட்டு முழுதாகப் பார்த்தார். "தங்கச்சி, இது எங்கடை லொட்ஜ் மாதிரி. ஒருத்தரை எழுப்பித்தான் மற்றவை இருக்க வேணும்" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். ரோசா இதழ்களை எல்லாம் பிடுங்கினேன். ரொறன்ரோ தமக்கைக்குச் சொல்லவில்லை. மறுபடி எக்ஸ்போர்ட். முப்பத்தாறு மணித்தியாலம். மதிய வெயில் ஏறினதும் மறுபடி நாற்பது. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். எங்கள் கம்பியூட்டரைத் திருத்தும் சிங்கள அண்ணன் நிஹால் அய்யேக்கு ஃபோன் எடுத்தேன். அவர் கண்டியில் தன் மச்சானின் வீட்டில் இருந்தார். கேள்வி ஒன்றும் கேட்காமலே, "நங்கி, ஏக்க ரத் வெலா" என்றார். தங்கச்சி, அது சூடாகிவிட்டதாம். சூடு கூடினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்குமாம், ஏசி உள்ள அறையில் வைத்தால் சரிவருமாம்.

வெள்ளவத்தையில் எங்களுக்கு ஏசி தர யார் இருக்கிறார்கள்? திங்கட்கிழமை காலை குலம் அண்ணை ஒரு நகைக்கடையில் போய்க் கேட்டார். வயர் தொங்கும் பெட்டி ஒன்றை ஒருநாள் முழுக்கக் கடைக்குள் வைத்திருக்கலாமா என்று அவர் கேட்ட விதத்தில், காவலாளி அவரை வாசலுக்கு அப்பால் கொண்டுவந்து விட்டார். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அது நியாயமான பயம்தான்.

அப்போதுதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் தம்பி ஜோசப் மாமா பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் வேலை செய்தார். பெயர் பூக்கடை மாதிரி இருந்தாலும், கொழும்பில் மலர்ச்சாலை என்றால் இறந்தவர்களைப் பதப்படுத்தி, உடுப்பாட்டி, சனம் வந்து பார்ப்பதற்குக் கிடத்தும் இடம். மாமா ஃபோர்மலின் ஏற்றிப் பதப்படுத்துகிறவர். ஃபோன் எடுத்தேன்.

"கொண்டா மகள்" என்றார் மாமா. "இன்னைக்கு ரெண்டு பேர்தான். ஒரு ரூம் சும்மா கிடக்கு. கறண்ட் போனாலும் ஜெனரேட்டர் ஓடும். எங்க ஆக்களுக்குச் சூடு ஆகாது."

நான் வதனி அக்காவைப் பார்த்தேன். தாலி கட்டி இரண்டு மாதம். அந்தக் கலியாணத்தைச் செத்தவீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று எப்படிக் கேட்பது? குலம் அண்ணைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை, ஒரு குளிரான இடம் இருக்கு" என்று தொடங்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா எழும்பினார். "நாளைக்கு எட்டு மணிக்கு நான் அங்கை நிக்கோணும். எங்கையெண்டாலும் போவம்."

ஓர் ஓட்டோவில் மூன்று பேர் ஏறினோம். திரை குலம் அண்ணையின் மடியில், பெட்டி என் மடியில். கீபோர்ட், மௌஸ், வயர் எல்லாம் அக்காவின் கையில். பாதி வழியில் சோதனைச் சாவடி. துப்பாக்கியோடு ஓர் இளம் சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தார். "மே மொக்கக்த?" என்று கேட்டார். இது என்ன என்று.

குலம் அண்ணைக்குச் சிங்களம் அரைகுறை. பதற்றம் வந்தால் அந்த அரையும் போய்விடும். "வெடிங், சேர்" என்றார். "வெடிங். வெடிங்."

அவர் சொல்ல வந்தது ஆங்கிலத்தில் கலியாணம். சிங்களத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. தமிழில் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓட்டோக்காரர் இறங்கிப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். எங்கள் மூவரையும் இறக்கினார்கள். இன்னொரு சிப்பாயும் வந்தார்.

"மகுல் கெதற வீடியோ, அய்யே" என்று நான் இடையில் விழுந்தேன். கலியாண வீட்டு வீடியோ. சிப்பாயின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத வயது. "மல் சாலாவட்ட" என்றேன். மலர்ச்சாலைக்கு.

அவர் என்னைப் பார்த்தார். குலம் அண்ணையின் நெற்றி விபூதியைப் பார்த்தார். அக்காவின் கழுத்துத் தாலியைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

இப்போது சொல்லும்போது பகிடியாக இருக்கிறது. அப்போது அப்படியில்லை. அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அந்த நாட்களில் இதைவிடச் சின்னக் காரணத்துக்காகக் கூட்டிக்கொண்டு போய், நாட்கணக்காக வைத்திருந்து விசாரித்தவர்களை எங்களுக்குத் தெரியும். அக்கா பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டியபோது, மணிக்கட்டில் சுற்றியிருந்த மௌஸ் நழுவி வயரில் தொங்கி ஆடியது. அதைப் பிடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஓட்டோக்காரரிடம் இருந்தே திருப்புளி வாங்கி மூடியைக் கழற்றினேன். உள்ளிருந்து வெள்ளவத்தைப் பல்லி ஒன்று பாய்ந்தது. இரண்டு துப்பாக்கிகளும் பல்லியைக் குறிபார்த்தன. அது வீதியைக் கடந்து ஒரு பேக்கரிக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் தேங்காய்த் தும்பு போலத் தூசி திரண்டிருந்தது. மூத்த சிப்பாய் முகத்தைச் சுளித்தார். இவ்வளவு அழுக்காக வைத்திருக்கலாமா, காற்றாடி எப்படிச் சுற்றும் என்று என்னை ஏசிவிட்டு, குனிந்து தானே ஊதினார். தூசியெல்லாம் குலம் அண்ணையின் சேர்ட்டில் போய்ப் படிந்தது.

இளையவர் திரையைத் தட்டிப் பார்த்தார். மூலையில் ஒட்டியிருந்த படத்தைக் கண்டதும் சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று நகத்தால் மெல்ல உரித்தார். பின்னால் பசைதான் இருந்தது. திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "கொச்சிக்கடே?" என்று கேட்டார். தன் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போவார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நங்கி, மேக்க மட்ட தெனவாத?" என்றார். இதை எனக்குத் தருவீர்களா என்று. கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கையைக் காட்டினார், போகலாம் என்று.

மலர்ச்சாலையின் பின்வாசலில் மாமா கையுறையோடு நின்றார். "என்னா மகள், கல்யாணத்தையே தூக்கிட்டு வந்திட்டீங்களா?" என்று எங்களை உள்ளே கூட்டிப் போனார். லேஸ் திரைச்சீலை, இரண்டு பித்தளை விளக்கு, சுவரோரம் வரிசையாகக் கதிரைகள். மேசை மட்டும் இல்லை. சவப்பெட்டி வைக்கும் உயரமான தாங்கிதான் இருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துக் கம்பியூட்டரை வைத்தோம். அறை பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. எக்ஸ்போர்ட்டைத் தொடங்கினேன்.

முப்பத்தொரு மணித்தியாலம்.

குலம் அண்ணை கதிரையில் உட்கார்ந்தார். செத்தவீட்டில் எப்படி உட்கார வேண்டுமோ அப்படியே உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிங்கள அம்மாள் வெள்ளைச் சேலையில், பூச்செண்டோடு உள்ளே வந்தார். பக்கத்து அறைக்குப் போக வேண்டியவர். தாங்கியின் மேல் இருந்த திரையில் மாலையோடு மணமக்களைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்து கேட்டார்: "தென்னாகென் கவுத?" இரண்டு பேரில் யார்?

"என்ன கேக்கிறா?" என்றார் வதனி அக்கா.

"நீங்க வடிவா இருக்கிறீங்களாம்" என்றேன்.

அந்த அம்மாளுக்கு ஒருபடியாக விளங்கப்படுத்தி, பக்கத்து அறையில் விட்டுவிட்டு வந்து திரைக்கு முன்னால் நின்றேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோனியார் இருந்த இடத்தில் பசைக்கறை. கறைக்குப் பின்னால் ஒரு சின்ன எண். படத்தின் மொத்த நீளத்தைச் சொல்லும் எண் அது. மாதக்கணக்காக நான் அந்த மூலையைப் பார்த்ததே இல்லை. எட்டு மணித்தியாலம், ஏழு நிமிடம் என்று போட்டிருந்தது.

எங்கள் கலியாணப் படம் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.

என் காது சூடாகியது, அந்தக் குளிரிலும். எக்ஸ்போர்ட்டை நிறுத்தி, படத்துண்டுகளை வரிசையாக அடுக்கும் அந்த நீண்ட பட்டியை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். கலியாணம் முடிந்தது. அதற்கப்பால் கறுப்பு. இரண்டு மணித்தியாலக் கறுப்பு, மூன்று, ஐந்து. எல்லாவற்றுக்கும் அப்பால், ஏழு மணித்தியாலம் தாண்டி, அநாதைபோல ஒரு துண்டு கிடந்தது. நான் எப்போதோ வெட்டி எறிந்ததாக நினைத்துக் கை தவறித் தள்ளிவிட்ட துண்டு. அது அங்கே கிடந்ததால், அது வரைக்குமான கறுப்பு முழுவதையும் கம்பியூட்டர் உண்மையாகவே பொறுமையாக அரைத்துக்கொண்டிருந்தது. சூடும் இல்லை, மீனும் இல்லை, பக்திப் பாடலும் இல்லை. பிழை நான்தான்.

"என்ரை ஐந்நூறு பாட்டு" என்றார் குலம் அண்ணை, ஈனக் குரலில்.

அழித்துவிட விரலை வைத்தேன். "நில்லுங்கோ தங்கச்சி" என்றார் வதனி அக்கா. "அது என்னெண்டு பாப்பம்."

போட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு படக்கடை, நீலத் துணி, பிளாஸ்டிக் கதிரை. மாப்பிள்ளையின் அப்பா. இளைப்பாறிய தபாலதிபர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். நான் எடுத்துக்கொண்டது அவர் அறுகரிசி போடும் பன்னிரண்டு விநாடி. அதற்குப் பிறகும் கமரா ஓடியிருக்கிறது. வெளியில் யாரோ கத்துவது கேட்கிறது: "சங்கத்திலை சீனி வந்திட்டுதாம்!" கூட்டுறவுக் கடைக்குக் கமராக்காரர் போட்டது போட்டபடி ஓடும் செருப்புச் சத்தம்.

"தம்பி, முடிஞ்சுதோ?" என்று கேட்கிறார் அவர். பதில் இல்லை. கமராவைக் கூர்ந்து பார்க்கிறார். "சிவப்பு லைற் எரியுது. அப்ப ஓடுது போலை." கதிரையில் நிமிர்ந்து உட்காருகிறார். எழும்பினால் பிழையாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். அப்படியே ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

நடுவில் குனிந்து, நிலத்தில் விழுந்த அறுகரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி லேஞ்சியில் முடிந்தார். அரிசிக்கும் தட்டுப்பாடான காலம். பிறகு கமராவைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு கதைக்கத் தொடங்கினார்.

"பிள்ளை, உம்மை நான் இன்னும் காணேல்லை. படத்திலைதான் பாத்தனான். இவன் தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போடுவான். சின்னனிலை இருந்தே அப்பிடித்தான். நானும் சொல்லிப் பாத்திட்டன். நீரும் சொல்லிப் பாரும். கேக்க மாட்டான்." பிறகு, "இங்கை சீனி வந்திருக்காம். போனாக் கிடைக்கும். ஆனா லைற் எரியுது" என்றார்.

வதனி அக்கா மாமனாரின் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. கதவால் எட்டிப் பார்த்த ஜோசப் மாமா, இந்த இடத்தில் வழக்கமாகச் செய்வதுபோலப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா ஒரு கேள்வி கேட்டார். "தங்கச்சி, இது உண்மையான கலியாணம் எண்டு காட்டத்தானே இதைக் கொண்டுபோறன்?"

"ஓம் அக்கா."

"அதிலை முப்பத்திரண்டு பேர் வராத ஆக்கள்."

குலம் அண்ணையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு வாரமாக எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. எம்பசிக்காரர் ஒருவர் உற்றுப் பார்த்துப் பாரிஸ் சித்தியின் தலை தனியே மிதப்பதைக் கண்டால் என்ன ஆகும்?

"ஆனா பிள்ளை, அவையளை எடுத்தா மண்டபம் வெறிச்செண்டு கிடக்கும். பதினொரு பேரோடை ஒருத்தரும் நம்ப மாட்டினம்" என்றார் குலம் அண்ணை.

"பதினொரு பேர்தானே வந்தவை" என்றார் அக்கா. "அவையளை எடுத்துவிடுங்கோ. கடைசியிலை என்ரை மாமாவை மட்டும் போடுங்கோ. துணியை எடுக்க வேண்டாம். கதிரையும் தெரியட்டும்."

முப்பத்திரண்டு பேரையும் ஒருவர்பின் ஒருவராகக் கலியாணத்தில் இருந்து அனுப்பிவைத்தேன். கடைசியாகப் போனவை பாரிஸ் சித்தியின் கைகள். மாமனார் கதைத்ததில் நாலு நிமிடத்தை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன். எக்ஸ்போர்ட் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் என்று வந்தது. வந்ததுபோலவே முடிந்தது. பின்னேரம் நாலு மணிக்கு டிவிடி அக்காவின் கையில் இருந்தது. திரும்பும்போது அக்காவைப் பஸ்ஸில் போகச் சொன்னேன். சாவடியில் இரண்டாம் தரம் எல்லாவற்றையும் விளங்கப்படுத்த என்னிடம் அந்தோனியார் படம் இல்லை.

நேர்முகத்தில் நடந்ததை அக்கா பிறகு வந்து சொன்னார். வெள்ளைக்காரப் பெண் அதிகாரி, பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்கும் ஒருவர். தாலி கட்டுவதை ஓட்டி ஓட்டிப் பார்த்தாராம். ஏன் இவ்வளவு வெறுங்கதிரைகள் என்று கேட்டாராம். பாதை மூடியிருக்கிறது என்றாராம் அக்கா. கடைசியில் நீலத் துணிக்கு முன்னால் கிழவர் வந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். இவர் யார், என்ன சொல்கிறார்? மொழிபெயர்ப்பவர் சீனிக் கதையைச் சொன்னார். நாலு நிமிடமும் பார்த்தாராம். பிறகு, "இப்போது எத்தனை கரண்டி?" என்று கேட்டாராம். "லீவிலை நிண்ட மூண்டு கிழமையும் நாலுதான். இப்ப ரெலிபோனிலை கேட்டா ரெண்டு எண்டு சொல்லுறார். பொய்" என்றாராம் அக்கா. அதிகாரி எழுதிக்கொண்டாராம். ஐந்து மாதத்தில் விசா வந்தது.

முப்பத்திரண்டு பேர் உள்ள பதிப்பையும் அடுத்த கிழமை ஆறுதலாக அரைத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினோம், ரோசா மழையோடு. அதை அவர்கள் எத்தனை தரம் போட்டுப் பார்த்தார்களோ தெரியாது. இன்றைக்குப் பாரிஸ் சித்தி, அன்றைக்கு மண்டபத்தில் ஒரே வெக்கை, விசிறிகூட வேலை செய்யவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறாராம்.

இரண்டு மாதத்துக்கு முன் வதனி அக்கா கனடாவில் இருந்து ஃபோன் எடுத்தார். பிள்ளைகள் இருவரும் பெரிய வகுப்பில். மாமனாரை அவர் கடைசிவரை நேரில் காணவில்லை. பாதை திறந்து, இவர்கள் டிக்கெற் எடுத்து வைத்திருந்தபோது அவர் போய்விட்டார். இப்போது கணவருக்கு அப்பாவின் குரல் கேட்க வேண்டுமாம். டிவிடியைப் போட்டால் ஓடவில்லை, அடிப்பக்கம் பொட்டுப் பொட்டாக உரிந்துவிட்டது. "அந்த ஐம்பது நிமிசமும் உங்களிட்டைக் கிடக்கும்தானே தங்கச்சி?"

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடி. குலம் அண்ணை மெல்பேணில் மகனோடு. ஹார்ட் டிஸ்க்கை அந்த வருடமே உப்புக் காற்று தின்றுவிட்டது. எஞ்சியது யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கசெற். புதுக் கசெற் கிடைக்காத காலம் அது. ஒரு காலை அவசர வேலை வந்தபோது, முடிந்த வேலைதானே என்று அந்தக் கசெற்றை எடுத்துக் கமராவுக்குள் போட்டது நான்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறைக்காமல் சொன்னேன்.

 

"அதுக்கு மேலை என்ன எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"தெஹிவளையில ஒரு பிள்ளை பெரியாளான சாமத்திய வீடு அக்கா."

"பிள்ளை வடிவோ?"

"ஓம் அக்கா. முழுக்கச் சிரிச்சுக்கொண்டே நிண்டிச்சு."

"அப்ப பரவாயில்லை" என்றார் வதனி அக்கா.